எபிங்கனிலிருந்து செக்கிங் டேபிளுக்கு ஒரு மடல்

அன்புள்ள செக்கிங் அக்காமாருக்கும் தங்கச்சிமாருக்கும், பேக்கிங் அண்ணன்மாருக்கும்,

கம்பெனியின் பெயரை எழுதவில்லை. எழுதினால் இது ஒரே ஒரு கம்பெனிக்கான கடிதமாகிவிடும். திருப்பூர்ப் பல்லடம் ரோட்டிலும் அவிநாசி ரோட்டிலும், 15 வேலம்பாளையத்திலும் பெருமாநல்லூரிலும், ட்யூப்லைட்டுக்குக் கீழே நின்றபடி பீஸைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிற எல்லோருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். நான் பிளஸ் டூ முடித்து இரண்டு வருஷம் உங்களோடு நின்றவள். அம்மா பதினான்கு வருஷம் நின்றார். அப்பா நிட்டிங்கில் இருந்தார். இது போதும், என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரிந்துவிடும்.

ஜெர்மனிக்குப் போனவள் அங்கே எப்படி இருக்கிறாள், என்ன சாப்பிடுகிறாள், குளிரைத் தாங்குகிறாளா என்று அம்மாவிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்களாம். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். சொல்ல வேண்டிய வேறொன்றும் இருக்கிறது. அதற்கும் வருகிறேன்.

நான் இருப்பது எபிங்கன். ஆல்ப்ஷ்டாட் என்ற நகரத்தின் ஒரு பகுதி. ஸ்டுட்கார்ட்டுக்குத் தெற்கே, மலைமேல், எழுநூறு மீட்டருக்கு மேலே இருக்கிறது. ட்யூபிங்கனில் ரயில் ஏறினால் ஹெஷிங்கன் தாண்டும்போது ஒரு குன்றின் உச்சியில் கோட்டை தெரியும், அப்புறம் பாலிங்கன், அப்புறம் எங்கள் ஊர். எபிங்கன், டைல்ஃபிங்கன், இன்னும் சில ஊர்களைச் சேர்த்து 1975இல் ஒரே நகரமாக்கினார்கள். எல்லோரையும் எண்ணினாலும் ஐம்பதாயிரம் பேர் வரமாட்டார்கள். இங்குள்ள ஆல்ப்ஷ்டாட்-சிக்மாரிங்கன் பல்கலைக்கழகத்தில் துணி, ஆடைத் தொழில்நுட்பம் படிக்கிறேன். இந்த மாநிலத்தில் வெளிநாட்டு மாணவர்களுக்கு அரைவருஷத்துக்கு 1,500 யூரோ கட்டணம். பேங்க் லோன் ஓடுகிறது.

வந்த முதல் வாரம் தெருவில் நடந்துகொண்டிருந்தபோது ஒரு பெயர்ப் பலகையைப் பார்த்து நின்றுவிட்டேன். குரோஸ்-பெக்கர்ட். அப்பா வேலை முடிந்து வரும்போது காலி ஊசிப் பெட்டிகளைக் கொண்டுவந்து போடுவாரே, அம்மா அதில் ஊக்கும் பித்தானும் போட்டு வைப்பாரே, அந்தப் பெட்டியின் மேல் இருக்கிற பெயர். நான் ஆங்கில எழுத்தில் எழுத்துக்கூட்டிப் படித்த முதல் பெயர்களில் அதுவும் ஒன்று. 1852இல் இந்த ஊரில்தான் அந்த ஊசித் தொழில் தொடங்கியது. பக்கத்து டைல்ஃபிங்கனில் 1905இல் தொடங்கிய மேயர் கம்பெனியின் வட்டப் பின்னல் இயந்திரம் நம் ஊரில் எத்தனை நிட்டிங் பட்டறைகளில் ஓடுகிறது என்று உங்களுக்கே தெரியும். அங்கேயே நின்று அப்பாவுக்கு வீடியோ கால் போட்டேன். அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "அந்த ஊரா கண்ணு அது" என்று மட்டும் கேட்டார். ஒரு ஊசி உடைந்தால் துணியில் விழுகிற கோட்டுக்காக முப்பது வருஷம் பயந்தவர் அவர்.

ஊசி மட்டும் செய்த ஊர் இல்லை இது. இந்த மலைப்பகுதி முழுக்க ஒரு காலத்தில் பனியனும் ஜட்டியும் தைத்தது. டைல்ஃபிங்கனில் அந்தக் காலத்துப் பின்னல் இயந்திரங்களையும் தையல் மெஷின்களையும் வைத்து ஒரு மியூசியமே நடத்துகிறார்கள். உள்ளே போனதும் எனக்கு அந்நியமாக எதுவும் படவில்லை. இயந்திர எண்ணெயும் நூல் தூசியும் கலந்த அந்த வாசனையைக்கூட மனசு தானாகச் சேர்த்துக்கொண்டது. எழுபதுகளுக்குப் பிறகு, மலிவான நாடுகளிலிருந்து துணி வந்து இறங்க இறங்க, இங்கே ஒவ்வொரு மில்லாக மூடினார்கள். பக்கத்து புர்லாடிங்கனில் 1919இல் தொடங்கிய டிரிகெமா என்ற கம்பெனி இன்றும் இந்த மண்ணிலேயே பின்னி, இந்த மண்ணிலேயே தைத்துக்கொண்டிருக்கிறது. 1981இல் சி அண்ட் ஏ போன்ற ஐரோப்பியக் கடைக்காரர்கள் திருப்பூருக்கு வந்தார்கள் என்று நம் ஊரில் பெருமையாகச் சொல்வார்கள். நம் ஊருக்கு ஆர்டர் வந்த அதே காலத்தில்தான் இந்த ஊர்களிலிருந்து அது போய்க்கொண்டிருந்தது. அதை இங்கே வந்துதான் தெரிந்துகொண்டேன்.

நான் தங்கியிருக்கிற வீட்டுக்காரப் பாட்டி பதினைந்து வயதில் டைல்ஃபிங்கனில் ஒரு மில்லுக்குத் தைக்கப் போனவர். நான் திருப்பூர் என்றதும் அவருக்குப் புரியவில்லை. பனியன் தைக்கிற ஊர் என்றதும் என் கையைப் பிடித்து விரல்களைத் திருப்பிப் பார்த்தார். அன்று முதல் எனக்கு இங்கே ஒரு வீடு கிடைத்தது மாதிரி.

சாப்பாடு பற்றிக் கேட்டீர்கள். இந்தப் பகுதிக்காரர்களை ஷ்வாபியர் என்பார்கள். ஷ்பெட்ஸ்லே என்று ஒன்று செய்கிறார்கள். கோதுமை மாவும் முட்டையும் சேர்த்துக் கரைத்து, ஒரு அச்சில் போட்டு, கொதிக்கிற தண்ணீரில் பிழிந்து எடுப்பது. பாட்டி அச்சைக் கையில் எடுத்ததும், நம் வீட்டில் சந்தகை பிழிய இரண்டு பேர் சேர்ந்து அழுத்துவது நினைவுக்கு வந்து கண் கலங்கிவிட்டது. அதற்கு அவர்கள் ஊற்றிக்கொள்வது என்ன தெரியுமா? பருப்பு. கொஞ்சம் வினிகர் சேர்த்த பருப்பு. நான் அதில் கடுகும் சீரகமும் தாளித்துக் கொட்டினேன். பாட்டி இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

இன்னொன்று. வாரத்துக்கு ஒரு வீடு என்று முறை வைத்து மாடிப்படியையும் வாசலையும் கூட்டித் துடைக்க வேண்டும். நம் முறை வந்தால் கதவில் ஒரு சிறு பலகையைத் தொங்கவிடுவார்கள். யாரும் சத்தம் போட்டுச் சொல்வதில்லை, அந்தப் பலகை சொல்லும். எனக்கு முறை வந்த முதல் சனிக்கிழமை விடியற்காலையில் எழுந்து தண்ணீர் தெளித்துக் கூட்டினேன். கோலம் போடக் கை பரபரத்தது. அன்று படியெல்லாம் பனி உறைந்து கிடந்ததால் போடவில்லை. உழைப்பு, சிக்கனம், சொந்த வீடு, சுத்தமான வாசல் என்று இவர்களைப் பற்றி மற்ற ஜெர்மன்காரர்கள் சொல்வதைக் கேட்டால் கொங்கு நாட்டைப் பற்றிச் சொல்வது போலவே இருக்கும். வயதானவர்களை நாம் "வாங்க, போங்க" என்பது போல இவர்களும் மரியாதைக்கு ஒரு "நீங்கள்" வைத்திருக்கிறார்கள். ஆறு மாதம் கழித்துப் பாட்டி தன்னை "நீ" என்று கூப்பிடச் சொன்னார். என்னால் முடியவில்லை. இன்றும் "நீங்கள்"தான்.

ஞாயிற்றுக்கிழமை இங்கே கடை திறக்காது. சட்டம். முதல் ஞாயிறு எனக்கு அழுகையாக வந்தது. சனிக்கிழமை சம்பளம் வாங்கி, ஞாயிறு காலையில் கறிக்கடையில் நின்று, மதியம் துணி துவைத்து, சாயங்காலம் புது பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு சுற்றுப் போய் வருகிற ஊரில் வளர்ந்தவளுக்கு அந்த அமைதி காதை அடைத்தது. இப்போது பழகிவிட்டது. பழகியபின் அந்த அமைதியில் நிறைய யோசிக்கிறேன்.

படிப்பு நேரம் போக ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கிறேன். மடித்து அடுக்குவதுதான் வேலை. இந்த 2026 ஜனவரியிலிருந்து இந்த நாட்டில் ஒரு மணி நேரத்துக்குக் குறைந்தபட்சக் கூலி 13.90 யூரோ. கேட்டு மலைக்காதீர்கள், அறை வாடகையும் மருத்துவக் காப்பீடும் அதில் பெரும்பகுதியைக் கொண்டுபோய்விடும். கடையில் ஐந்து யூரோவுக்கும் குறைவான விலையில் டீ-சர்ட் அடுக்கியிருக்கும். நான் லேபிளைப் பார்ப்பதற்கு முன் கழுத்து ரிப்பைப் பார்ப்பேன், பிறகு அடிமடிப்பு, பிறகு துணியை வெளிச்சத்தில் பிடித்து ஊசிக் கோடு இருக்கிறதா என்று. கை தானாகச் செய்கிறது. பிசிர் வெட்டிய இடத்தில் விரல் வைத்தால், இதை வெட்டியவள் அவசரத்தில் இருந்தாளா இல்லையா என்று சொல்லிவிடுவேன். எல்லாம் திருப்பூர் இல்லை, பங்களாதேஷும் துருக்கியும் இருக்கும். நம் ஊர்ச் சரக்கு வந்தால் மட்டும் கொஞ்சம் மெதுவாக மடிப்பேன்.

கடை மூடியதும் கூட வேலை பார்க்கிறவர்கள் ஒரு வார்த்தை சொல்லிக்கொண்டு கிளம்புவார்கள். ஃபையர்ஆபெண்ட். அன்றைய வேலை முடிந்தது என்று அர்த்தம். வார்த்தையைப் பிரித்தால் ஒரு பாதி விழா, மறு பாதி மாலை. பழைய காலத்தில் பண்டிகைக்கு முந்தைய மாலையை அப்படிச் சொன்னார்களாம். இப்போது வாரத்தின் எல்லா நாளும் வேலை முடிகிற பொழுதுக்கு அதுதான் பெயர். அந்த நேரத்துக்குப் பிறகு யாரும் யாரையும் வேலைக்குக் கூப்பிடுவதில்லை. ஒரு நாள் வேலைக்கும் மறுநாள் வேலைக்கும் இடையில் பதினொரு மணி நேரமாவது ஓய்வு இருக்க வேண்டும் என்பது இங்கே சட்டம்.

அந்த வார்த்தையைக் கேட்டபோதெல்லாம் எனக்கு அம்மாவின் நோட்டு ஞாபகம் வந்தது. சனிக்கிழமை கணக்கு சரிபார்க்க அம்மா ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருப்பார். தேதிக்கு எதிரே 1½, 1½, 1½ என்று எழுதியிருக்கும். ஒன்றரை ஷிப்ட். காலை எட்டரைக்குப் போய் இரவு எட்டரைக்குத் திரும்புவது. ஷிப்மெண்ட் நெருங்கினால் நடுராத்திரி. அம்மா வீட்டுக்கு வரும்போது நான் தூங்கிப்போயிருப்பேன், இல்லாவிட்டால் தூங்கப் போவேன். எட்டாம் வகுப்புவரை அம்மாவைச் சாயங்கால வெளிச்சத்தில் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் பார்த்திருக்கிறேன். நம் எல்லோருக்கும் அப்படித்தானே? அதனால்தான் அது எனக்கு ஒரு குறையாகவே தெரியவில்லை.

இப்போது கணக்கைப் பாருங்கள். இதற்காகத்தான் இந்தக் கடிதம்.

ஒரு ஷிப்ட் எட்டு மணி நேரம். ஒன்றரை என்றால் அதற்கு மேல் நாலு மணி நேரம். அந்த நாலு மணி நேரத்துக்கு அரை ஷிப்ட் கூலி, அதாவது ஒற்றைக் கூலி. 1948ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம் வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு வைத்தது. அதற்கு மேல் வேலை வாங்கினால் இரட்டைக் கூலி என்றது. கூடுதல் நேரத்தையும் சேர்த்து வாரம் 60 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்றது. 2025 நவம்பரில் பழைய சட்டத்தின் இடத்துக்குப் புதிய தொகுப்புச் சட்டம் வந்தது. இரட்டைக் கூலி அதிலும் இருக்கிறது. அப்படியானால் நாலு மணி நேரத்துக்கு எட்டு மணி நேரக் கூலி. நாம் ஒன்றரை என்று எழுதுவது சட்டக் கணக்கில் இரண்டு. ஆறு நாளைக்கு அம்மா நோட்டில் ஒன்பது ஷிப்ட். சட்டப்படி பன்னிரண்டு. வாரத்துக்கு மூன்று ஷிப்ட் கூலி நோட்டில் ஏறவே இல்லை. பதினான்கு வருஷம்.

சாப்பாட்டு நேரத்தையும் டீ நேரத்தையும் கழித்தால் பன்னிரண்டு மணி நேரம் வராது என்று சொல்வார்கள். சரி. அரை ஷிப்ட் என்று எழுதுவது நாம் மட்டும் இல்லை, கம்பெனியும் அப்படித்தான் எழுதுகிறது. அவர்களே எழுதுகிற அந்த அரைக்கு என்ன கூலி என்பதுதான் என் கேள்வி. இத்தனை வருஷம் அது என் கண்ணில் படாததற்குக் காரணம் அந்த வார்த்தைதான் என்று நினைக்கிறேன். ஓவர்டைம் என்று சொல்லியிருந்தால் யாராவது ஒருவர் கேட்டிருப்போம். ஒன்றரை என்றதும் அது ஒரு அளவாகிவிட்டது, முழம், படி மாதிரி.

2023 ஏப்ரலில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிசெய்கிற ஒரு திருத்தம் நம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. நாலாபக்கமும் எதிர்ப்பு வந்தது. மே தினத்தன்று அதைத் திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் அறிவித்தார். 1923இல் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடி சரியாக நூறு வருஷம். எல்லோரும் மகிழ்ந்தார்கள், நானும் மகிழ்ந்தேன். ஆனால் வர விடாமல் தடுத்த அந்தப் பன்னிரண்டு மணி நேரம் நம் டேபிளில் எப்போதோ வந்து உட்கார்ந்துவிட்டது என்பதை அன்று யாரும் சொல்லவில்லை.

இந்த நாட்டுக்காரர்களுக்கும் மாலை சும்மா கிடைக்கவில்லை. எட்டு மணி நேரம் என்பது இங்கே 1918 நவம்பரில், முதல் உலகப் போர் முடிந்து நாடே கொந்தளித்தபோது, தொழிற்சங்கங்களும் முதலாளிகளும் போட்ட ஒப்பந்தத்தில் வந்தது. சில வருஷத்திலேயே அதைத் தளர்த்தினார்கள், மறுபடியும் கேட்டுத்தான் வாங்கினார்கள். நம் ஊரும் கேட்காத ஊர் இல்லை. 1984இல் பஞ்சப்படிக்காகத் திருப்பூரில் 127 நாள் வேலைநிறுத்தம் நடந்தது. தாத்தா அதில் இருந்தவர். அந்த நாலு மாதம் வீட்டில் என்ன சமைத்தார்கள் என்று என் சொந்தப் பாட்டி சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

உங்களில் சிலர் இப்போதே சொல்வது காதில் விழுகிறது. "அதெல்லாம் கேட்டா ஆர்டர் வேற ஊருக்குப் போயிரும் கண்ணு." மூடிப்போன மில்கள் இருந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு அந்தப் பயத்தை நான் லேசாகப் பேச மாட்டேன். 2025இல் அமெரிக்கா 50 சதவீதம் வரி போட்டபோது எத்தனை டேபிள் காலியானது என்று அம்மா சொல்லிச் சொல்லி அழுதார். ஆனால் நம் மாலை நேரத்தையும் சேர்த்துக் கொடுத்துமே அந்த ஆர்டர் நிற்கவில்லையே. நம்மைவிட மலிவாகத் தைக்க ஒரு ஊர் எப்போதும் இருக்கும். இந்த மலையில் கடைசிவரை நிலைத்தது மலிவான கூலி இல்லை. ஊசி செய்கிற கைநேர்த்திதான் நிலைத்தது. 2011இல் ஐகோர்ட் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது நம் ஊர் அத்தோடு முடிந்தது என்றார்கள். சாயத் தண்ணீரை வெளியே விடாமல் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்த நம் ஊர் கற்றுக்கொண்டது. அதை இங்கே வகுப்பில் ஆசிரியர் எடுத்துச் சொன்னபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். தண்ணீருக்கு முடிந்தது நேரத்துக்கும் முடியும்.

இன்னொரு விஷயம் உங்களுக்குத் தெரிய வேண்டும். ஜெர்மனியில் 2023 ஜனவரி முதல் ஒரு சட்டம் இருக்கிறது. முதலில் 3,000 பேருக்குக் குறையாமல் வேலை செய்கிற கம்பெனிகளுக்கு, 2024 முதல் 1,000 பேர் இருந்தாலே போதும். தாங்கள் வாங்குகிற சரக்கு எங்கே, எப்படித் தயாராகிறது என்று அவர்கள் கவனிக்க வேண்டும். புகார் சொல்ல ஒரு வழியைத் திறந்து வைக்க வேண்டும். அந்த வழி இங்கிருக்கிறவர்களுக்கு மட்டும் இல்லை, சரக்கு செய்து அனுப்புகிற நமக்கும் உண்டு. இந்தச் சட்டம் பாரம் என்று இங்கே பலர் சொல்கிறார்கள், தளர்த்தும் வேலையும் நடக்கிறது. இருந்தாலும் இன்றைக்கு அது சட்டம்.

இதை எழுதும்போது எனக்குக் கூசுகிறது. வேலை நேரத்தை விசாரிக்க ஆடிட்காரர் வருகிற நாளுக்கு முந்தைய நாள் சூப்பர்வைசர் சொல்லிக்கொடுத்ததை நானும் ஒப்பித்தேன். "எட்டு மணி நேரம்தாங்க. அஞ்சரைக்கு வீட்டுக்குப் போயிருவோம்." ஆடிட்டுக்கு வந்த பெண்மணி இரண்டு முறை கேட்டார். இரண்டு முறையும் அதையே சொன்னேன். எனக்குப் பக்கத்தில் நின்றவளுக்கு அன்று காய்ச்சல்.

அவள் ஒடிசாக்காரி. கந்தமாலிலிருந்து வந்தவள். நம் டேபிளில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு. "வடக்கத்திப் பொண்ணு", "ஹிந்தி" என்போம். அவள் பேசுவது ஹிந்தியே இல்லை என்றுகூட நமக்குத் தெரியாது. சாப்பாட்டு நேரத்தில் அவர்கள் ஒரு பக்கம், நாம் ஒரு பக்கம். அவள் தமிழில் தப்பாக ஒரு வார்த்தை சொன்னபோது சிரித்தவர்களில் நானும் ஒருத்தி. இங்கே ரொட்டிக் கடையில் நான் சொன்ன வார்த்தை புரியாமல் பின்னால் நின்றவர்கள் சிரித்தபோது, ஏழு கடல் தாண்டி அவள் முகம் வந்து நின்றது.

வீட்டுக்காரப் பாட்டியிடம் இதைச் சொன்னேன். அவர் தைத்த காலத்தில் கிரீஸிலிருந்தும் துருக்கியிலிருந்தும் பெண்கள் வேலைக்கு வந்தார்கள். இந்த நாடு 1960இல் கிரீஸோடும் 1961இல் துருக்கியோடும் ஒப்பந்தம் போட்டு ஆட்களைக் கூட்டிவந்தது. பாட்டிக்குப் பக்கத்து மெஷினில் ஒரு துருக்கிப் பெண் பத்து வருஷம் உட்கார்ந்திருக்கிறார். "அவள் வீட்டுக்கு நான் ஒரு தடவைகூடப் போனதில்லை, அவளையும் கூப்பிட்டதில்லை" என்றார். மில் மூடிய பிறகு அந்தப் பெண் எங்கே போனார் என்று தெரியாதாம். இதைச் சொல்லிவிட்டுப் பாட்டி வெகுநேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதனால் உங்களிடம் இரண்டு கேட்கிறேன்.

உங்கள் டேபிளில் நிற்கிற அந்த வெளியூர்ப் பெண்ணைச் சாப்பாட்டுக்கு உங்கள் பக்கம் கூப்பிடுங்கள். அவளுக்கு வாரத்துக்கு மூன்று ஷிப்ட் போகிறது, உங்களுக்கும் அதே மூன்று. நீங்கள் தனியாகக் கேட்டால் அவளை வைத்து உங்களை மாற்றுவார்கள், அவள் தனியாகக் கேட்டால் உங்களை வைத்து அவளை.

அப்புறம் உங்கள் நோட்டு. எல்லோர் கைப்பையிலும் ஒன்று இருக்கும், எனக்குத் தெரியும். அதில் இனி மணியை எழுதுங்கள். எத்தனைக்கு உள்ளே போனீர்கள், எத்தனைக்கு வெளியே வந்தீர்கள், சாப்பாட்டுக்கு எவ்வளவு விட்டார்கள் என்று தேதி போட்டு எழுதுங்கள். ஆடிட் வந்தால் அதைப் பார்த்துச் சொல்லுங்கள். சங்கத்துக்குப் போனாலும், லேபர் ஆபீசுக்குப் போனாலும், நான் சொன்ன ஜெர்மன் சட்டத்தில் புகார் எழுதினாலும், முதலில் கேட்பது அந்த மணிக்கணக்கைத்தான். எழுத ஆள் வேண்டுமானால் நான் எழுதித் தருகிறேன், இந்த ஊர் மொழியிலேயே.

பொங்கலுக்கு ஊருக்கு வருகிறேன். அம்மா இப்போது கம்பெனிக்குப் போவதில்லை, சாயங்காலம் வீட்டில்தான் இருப்பார். எட்டரைக்கு நீங்கள் வெளியே வரும்போது கேட்டில் நிற்பேன். நோட்டைக் கொண்டு வாருங்கள், உட்கார்ந்து கூட்டிப் பார்ப்போம்.

உங்கள் டேபிளில் நின்றவள்,
எபிங்கனிலிருந்து.